அயன்மொழிக்குத் தமிழே வாயில்

பிறநாட்டிற்குச் செல்பவன் அந்நாட்டு மொழியிற் சில சொற்றொடர்களையேனும் கற்றுச் செல்லுதல் அறிவுடைமை. அதனினும் மேலாகப் பண்புடைமை. விலை கேட்கவும், வழி வினவவும், நோயுரைக்கவும், நன்றி நவிலவும் அறியாதவன் எத்துணைக் கல்வியுடையவனாயினும் அயல்மண்ணில் வாயற்றவனே. இதனை மறுப்பார் எவருமிலர். ஆயின், அம்மொழிக்குள் எந்த வாயிலின் வழியாக நுழைவது என்னுமிடத்தில்தான் இற்றைத் தமிழருட் பெரும்பாலார் தடுமாறுகின்றனர்.

இசுப்பானியம் கற்க விரும்பும் தமிழிளைஞன் முதலில் ஆங்கிலத்தைத் தேடி ஓடுகின்றான். ஆங்கிலேயனுக்காக ஆங்கிலேயன் எழுதிய கையேட்டை வாங்குகின்றான். அதில் ஆங்கில எழுத்தால் தரப்பட்ட ஒலிக்குறிப்பைப் பார்த்து, ஆங்கிலேயன் தவறும் இடமெல்லாம் தானும் தவறக் கற்றுக்கொள்கின்றான். ஆங்கிலம் அறியாத மற்றோர் இளைஞனோ, 'ஆங்கிலமே வாராத நமக்கு இசுப்பானியம் எங்ஙனம் வரும்' என்று தொடங்கு முன்பே கைவிட்டு விடுகின்றான். ஒருவன் தேவையில்லாத சுங்கச் சாவடியில் வரி கட்டுகின்றான். மற்றொருவன் அச்சாவடியைக் கண்டே திரும்பி விடுகின்றான். அச்சாவடியை அங்கு நிறுத்தியவர் யாவர்? தமிழர் தம் அடிமையுள்ளமே அதனை நிறுத்தியது.

கடல் கடந்த மாவட்டம்

புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1974ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் பிறந்த இம்மாவட்டத்தின் கீழைக் கரையிலே கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், மீமிசல், மணமேற்குடி என ஊர்கள் வரிசையாய்க் கிடக்கின்றன. அக்கரையூர்களினின்றும், உள்நாட்டில் அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கங்களினின்றும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அரபு நாடுகளுக்கும் பொருள் தேடிச் சென்றோர் பலர். மாவட்டத்தின் தென்பகுதி நகரத்தார் ஊர்களினின்று முன்னாளிற் பருமாவுக்குச் சென்று கொண்டுவிற்றவர்கள், பருமியரோடு பருமிய மொழியிற் பேசினர். தம் கணக்கேட்டைத் தமிழிலேயே எழுதினர். அவர்தம் பேரேட்டில் தமிழ் இருந்தது. நாவில் வேண்டுமிடத்து அயன்மொழி இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

அதற்கும் முன்னே செல்லின் கொடும்பாளூர் நிற்கின்றது. இருக்குவேளிரின் தலைநகராகிய அவ்வூரில் மணிக்கிராமம் என்னும் வணிகர் குழு விளங்கியதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. மணிக்கிராமத்தார் என்னும் அப்பெயர் இன்றைத் தாய்லாந்தின் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் காணப்படுகின்றது. சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், சீனத்தின் சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்துள்ளன. சுவான்சௌக் கல்வெட்டின் இறுதியிற் சீன எழுத்து வரியும் உண்டு. அதைப் பொறித்த தமிழன் சீன மண்ணிற் சீனத்திற்கு இடந்தந்தான்; தன் தமிழையும் விடவில்லை. அவ்விரு மொழிக்குமிடையே மூன்றாவதொரு மொழியை அவன் தரகனாக வைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தமை அறிஞருலகம் அறிந்தது. உரோமப் பேரரசின் பொன்னிற் பெரும்பங்கு அற்றை நாளில் இசுப்பானிய மலைகளில் அகழப்பட்டதாகும். இசுப்பானியம் என்னும் மொழி பிறப்பதற்குப் பன்னூறாண்டு முன்னரே, மேலைக் கடலோர நாடுகளோடு புதுக்கோட்டை மண் கொண்டிருந்த வாணிகத் தொடர்புக்கு அக்காசுகள் சான்று.

இசுப்பானியன் தமிழ் கற்ற முறை

தமிழர் இசுப்பானியம் கற்பதைப் பற்றிப் பேசு முன், இசுப்பானிய மண்ணிற் பிறந்தவர் தமிழ் கற்றதை எண்ணிப் பார்த்தல் தகும். 1506ஆம் ஆண்டு நவார நாட்டிற் பிறந்த பிரான்சிசு சவேரியார், 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழில் ஒரு சொல்லும் அறியாது வந்த அவர், இருமொழியும் அறிந்த உள்ளூராரை அருகழைத்து, மன்றாட்டுகளைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடஞ் செய்து ஊரூராகச் சென்றார். 1544ஆம் ஆண்டு உரோமுக்கு எழுதிய மடலில், கேட்பவர் தாய்மொழி தமிழாகவும் தம் தாய்மொழி பாசுக்காகவும் இருத்தலின் தொடக்கத்தில் இடர்ப்பட்டதை அவரே குறித்துள்ளார். ஈண்டு நோக்கற்பாலது யாது? தமிழ் கற்பதற்கு அவர் முதலில் வேறொரு பெருமொழியைக் கற்றுக்கொண்டு வரவில்லை. தம் செவியாற் கேட்டார். தம் நாவாற் பழகினார்.

1554ஆம் ஆண்டு இலிசுபனில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. தமிழ் மன்றாட்டுகளை உரோம எழுத்தில் அச்சிட்டுச் சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியப் பொருளும் தந்த நூல் அது. போர்த்துக்கீசியன் தன் எழுத்தில், தன் மொழியில், தன் வீட்டிலிருந்தே தமிழ் பழக வழிசெய்தது. அந்நூலை ஆக்கிக் கொடுத்தோர் இலிசுபனில் வாழ்ந்த தமிழர் மூவர் ஆவர். பின்னர் 1578இற் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சேறியது. 1679இல் அம்பலக்காட்டிலே தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி வெளிவந்தது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர்த் திருக்கோயிலிலும் பணியாற்றினார் என்று சொல்லப்படும் வீரமாமுனிவர், ஐரோப்பியர்க்குத் தமிழிலக்கணம் உரைக்கப் புகுந்தபோது அவர்தம் கல்வி மொழியாகிய இலத்தீனிலேயே உரைத்தார்.

ஐரோப்பியன் ஒவ்வொருவனும் தமிழுக்குள் தன் மொழி வாயிலாகவே நுழைந்தான். தமிழன் மட்டும் இசுப்பானியத்துக்குள் ஆங்கிலத்தின் வாயிலாக நுழையவேண்டும் என்று விதித்தவர் யார்?

தமிழ் நாவும் இசுப்பானிய ஒலியும்

இவ்விடத்தில் வெறும் உணர்ச்சியுரை போதாது. ஒலியை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். ஆராய்ந்தால், இசுப்பானியத்துக்கு ஆங்கில எழுத்து முறையினும் தமிழெழுத்து முறை பலவகையில் அணுக்கமானது என்பது தெற்றென விளங்கும்.

முதலாவது உயிரொலி. இசுப்பானியத்தில் அ, எ, இ, ஒ, உ என்னும் ஐந்து உயிர்களே உண்டு. எழுதியவாறே அவை ஒலிக்கும். ஆங்கிலேயன் 'ஓ' என்பதை 'ஓவ்' என இழுப்பான். 'ஏ' என்பதை 'ஏய்' என நெளிப்பான். தமிழனுக்கு அந்நெளிவு தேவையில்லை.

இரண்டாவது ரகர றகரம். இசுப்பானியத்தில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் 'நாய்'. 'காரோ' என்றால் விலை மிகுந்தது. 'காறோ' என்றால் வண்டி. ஆங்கிலேயன் நா இவ்வேறுபாட்டில் ஆண்டுக்கணக்கில் இடறும். தமிழ் நெடுங்கணக்கிலோ இரண்டிற்கும் தனித்தனி எழுத்தே உண்டு. இன்று றகரத்தை ரகரமாகவே ஒலித்துச் சோம்பும் தமிழ் நாவுக்கு, இசுப்பானியப் பயிற்சி தன் மொழியின் ஒலியையே நினைவூட்டும் மருந்துமாகும்.

மூன்றாவது தகரமும் ஞகரமும். இசுப்பானியத் தகரம் பல்லிற் பிறப்பது. ஆங்கிலத்தின் டகரச் சாயல் அதற்கில்லை. 'நாளை' என்னும் பொருளுடைய 'மஞ்ஞானா', 'ஐயா' என்னும் பொருளுடைய 'செஞ்ஞோர்' ஆகிய சொற்களின் ஒலிக்கு ஆங்கிலத்தில் ஓரெழுத்தில்லை. தமிழில் ஞகரம் உண்டு.

நான்காவது, இலக்கணம் அறிந்தார் வியக்கத்தக்கது. தமிழில் வல்லெழுத்து இரண்டு உயிர்க்கு நடுவே தனித்து நின்றால் மெலிந்தொலிக்கும். இரட்டித்து நின்றால் வன்மை குன்றாது. 'பகல்' என்பதன் ககரமும் 'பக்கம்' என்பதன் ககரமும் ஒன்றல்ல. இசுப்பானியத்திலும் இவ்விரு வகை ஒலியும் உண்டு. 'நாதா' என்றால் 'ஒன்றுமில்லை'. 'நாத்தா' என்றால் பாலேடு. 'அமீகோ' என்றால் நண்பன். 'அகுவா' என்றால் நீர். இச்சொற்களைத் தமிழெழுத்திற் படித்தவாறே ஒலித்தால் இசுப்பானியன் புரிந்துகொள்வான். சகரமும் அவ்வாறே: 'காசா' என்னும் ஒற்றைச் சகரம் வீட்டைக் குறிக்கும்; 'லெச்சே' என்னும் இரட்டைச் சகரம் பாலைக் குறிக்கும். வடவெழுத்து ஒன்றேனும் இதற்குத் தேவையா? இசுப்பானியத்தில் எழுத்தளவில் நிற்கும் 'ஹ' ஒலிப்பதே இல்லை. 'ஓலா' என்பதே அவர்தம் எளிய வணக்கச் சொல்.

ஆயினும், இடர்ப்படும் இடத்தை மறைத்தல் நேர்மையன்று. சொல் முதலிற் பகரத்தை வலித்தும் மெலித்தும் இசுப்பானியன் வேறுபடுத்துவான். 'பேசோ' என்பதை வலித்துச் சொன்னால் மெக்சிக்கோ முதலிய நாடுகளின் காசு. மெலித்துச் சொன்னால் முத்தம். கடைக்காரனிடம் எத்தனை காசு என்று கேட்கப் புகுந்தவன் எத்தனை முத்தம் என்று கேட்டு நிற்கலாகாது. மேலும், 'எவ்வளவு' என்பதும் 'எப்பொழுது' என்பதும் தமிழெழுத்தில் 'குவாந்தோ' என ஒன்றாகி விடும். ஆதலின் 'எவ்வளவு' என்பதைக் 'குவான்த்தோ' எனத் தகரத்தை இரட்டித்து எழுதுதல் வேண்டும். அழுத்தம் விழும் அசையை நெடிலாக எழுதுதலும், சொல்லீற்றுச் 'சு' வின் உகரத்தைக் குற்றியலுகரத்தினும் குறுக்கி மறைத்து ஒலித்தலும் பயில்வோன் கைக்கொள்ளத்தக்கன. எஞ்சியவற்றை ஒருமுறை இசுப்பானியன் வாயாற் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். எந்த எழுத்தும் பிறமொழியொலியை முற்றும் காட்டாது. ஆங்கில எழுத்து ஆங்கிலத்தையே முற்றும் காட்டாதன்றோ!

முதற் சொற்றொடர்கள்

வழிச்செலவுக்கு இன்றியமையாதன இவை:

வணக்கம் (காலையில்) - புவேனோசு தீயாசு.
அருள்கூர்ந்து - போர் ஃபவோர்.
நன்றி - கிராசியாசு.
பொறுத்தருள்க - பெர்தோன்.
விலை எவ்வளவு? - குவான்த்தோ குவேசுத்தா?
பேருந்து நிலையம் எங்குள்ளது? - தோந்தே எசுத்தா லா எசுத்தாசியோன்?
விளங்கவில்லை - நோ எந்தியேந்தோ.
மெல்லப் பேசுங்கள் - ஆப்லே மாசு தெசுப்பாசியோ.
இறைச்சி உண்பதில்லை - நோ கோமோ கார்னே.
தண்ணீர் வேண்டும் - கியேரோ அகுவா.
மருத்துவர் தேவை - நெசெசீத்தோ உன் மேதிக்கோ.
எனக்குத் தலை வலிக்கிறது - மே துவேலே லா கபேசா.

'கிராசியாசு' என்பது அமெரிக்க நாடுகளில் வழங்கும் ஒலிப்பு. இசுப்பானியாவின் பெரும்பகுதியில் அச்சகரம் நாநுனி பல்லிடை நுழைந்து 'கிராதியாசு' என்பது போல் ஒலிக்கும். எசுத்தாசியோன் என்பது நிலையம் என்னும் பொதுச்சொல். பேருந்தைச் சேர்த்துச் சொல்லவேண்டின் நாட்டுக்கு நாடு சொல் மாறுமாதலின், கைகாட்டி வினவுதல் எளிது.

இத்தொடர்களைக் கற்பவன் இலக்கணத்திலும் தமிழ்ச் சாயலைக் காண்பான். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'ஆப்லாசு' என்றால் பேசுகிறாய். 'ஆப்லாமோசு' என்றால் பேசுகிறோம். வினையீறே பேசுவோனைக் காட்டி விடுதலின் 'நான்', 'நாம்' என்பன தொக்கு நிற்கும். ஆங்கிலத்தில் அவ்வாறு தொக்கு நில்லா. 'தூ' என்றால் நீ; 'உசுத்தேத்' என்றால் நீங்கள். மூத்தோரையும் முன்னறியாதாரையும் நீ என்னாத மரபு இருமொழிக்கும் உண்டு. இன்றை ஆங்கிலத்தில் அவ்வேற்றுமை இல்லை. 'மே துவேலே' என்பது 'எனக்கு வலிக்கிறது' என நான்காம் வேற்றுமையில் நிற்பது. 'மே குசுத்தா' என்பதும் 'எனக்குப் பிடிக்கிறது' என்றே நிற்கும். ஆங்கிலத்தின் வழியே செல்பவன் 'நான் விரும்புகிறேன்' எனச் சுற்றிச்சென்று மீண்டும் 'எனக்கு' என்பதற்குத் திரும்பவேண்டும். தமிழின் வழியே செல்பவனுக்கோ நேர்வழி.

வேறுபாடும் உண்டு. மேசையையும் பெண்பாலாகக் கூறும் மொழி அது. உயர்திணை அஃறிணை என்னும் பாகுபாடு அதற்கில்லை. வினை நடுவே வரும். அடை பெரும்பாலும் பெயர்க்குப் பின் வரும். மேற்கூறிய ஒப்புமை கண்டு, இசுப்பானியம் தமிழினின்றே பிறந்தது என்று எவரும் எழுந்தாடற்க. அம்மொழி இலத்தீனின் வழிவந்தது. ஒலியொத்த சொல்லையெல்லாம் உறவென்பது மொழிநூலாகாது. பகைவர் எள்ளி நகையாட இடந்தருவதாகும்.

யார் மொழி எங்கே?

இசுப்பானியம் இன்று 20 நாடுகளில் ஆட்சிமொழி. அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் 45 கோடிக்கும் மேற்பட்டோர். ஆயின் இப்பரப்பின் பின்னே ஒரு வரலாறு உண்டு. காசுத்தீல் என்னும் ஒரு நிலப்பகுதியின் மொழியே இசுப்பானியம் எனப் பெயர்பெற்றது. அதே நாட்டில் காத்தலானும் கலீசியமும் பாசுக்கும் வாழ்கின்றன. உலகின் வேறெம்மொழியோடும் உறவு காட்டவியலாத தனிமொழி பாசுக்கு. 1939 முதல் 1975 வரை ஆண்ட பிராங்கோவின் கொடுங்கோலில் அம்மொழிகள் பள்ளியினின்றும் அலுவலகத்தினின்றும் துரத்தப்பட்டன. ஒரு நாடு, ஒரு மொழி என்பதே அவ்வாட்சியின் கொள்கை. 1978ஆம் ஆண்டு அரசமைப்பு அம்மொழிகட்கு அவையவை வழங்கும் நிலப்பகுதியில் ஆட்சிமொழி உரிமையை மீட்டுத் தந்தது; காசுத்தீலியத்தை அனைவரும் அறிந்திருத்தல் கடமை என்னும் விதியை மட்டும் நீக்கவில்லை.

மொழிவல்லாண்மையின் கொடுமையைத் தமிழனுக்குச் சொல்லித் தெரியவேண்டா. 1965ஆம் ஆண்டு இந்தித் திணிப்பை எதிர்த்து உயிர்நீத்த ஈகியர் வரிசையில் கீரனூர் முத்து, விராலிமலை சண்முகம் என்னும் இருவர் புதுக்கோட்டை மண்ணின் மைந்தர். அம்மண்ணினின்று செல்லும் தமிழன் பார்சிலோனா நகரில் இறங்கும்போது, அது காத்தலான் மண் என்பதை அறிந்து 'போன் தீயா' என வணங்குதல் வேண்டும். பில்பாவோவில் இறங்கும்போது 'காய்சோ' என்று வணங்கி, 'எசுக்கேரிக் அசுக்கோ' என்று நன்றி கூறுதல் வேண்டும். இரண்டே சொல்லாயினும் அம்மக்கள் முகம் மலரும். தன் மொழிக்கு உரிமை கேட்பவன் பிறன் மொழிக்கு உரிமை தரக் கடமைப்பட்டவன்.

'இந்தி தெரியாமையால் தமிழன் வெளியே சென்று வாழமுடியவில்லை' என்று ஓயாது பாடுவார்க்கும் இங்கே விடை உண்டு. மத்திரீதில் வேண்டப்படுவது காசுத்தீலியம், கோலாலம்பூரில் மலாய், துபாய்க் கடைத்தெருவில் அரபும் அங்குள்ள பிறர் மொழிகளும். செல்லுமிடத்து மொழியைச் செல்பவன் கற்கின்றான். தேவையே ஆசிரியனாகி ஒரு சில திங்களிற் கற்பித்து விடுகின்றது. வழிச்செலவுக்கு வேண்டிய சில சொற்றொடரைக் காட்டி, ஊரைவிட்டு நகராத குழந்தைக்கும் பத்தாண்டு ஒரு மொழியைப் பள்ளியிற் சுமத்துதல் எந்த அறத்தின்பாற் படும்? தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1968ஆம் ஆண்டு சனவரியில் ஏற்ற இருமொழித் தீர்மானம் தமிழனை எந்த நாட்டு வாயிலிலும் தடுத்து நிறுத்தவில்லை.

கற்றல் வேறு, கலத்தல் வேறு

தனித்தமிழ் அன்பர் சிலர்க்கும் ஒரு சொல் கூறவேண்டும். அயன்மொழிப் பயிற்சி தமிழைக் கெடுக்கும் என்று அஞ்சுவார் உளர். அவ்வச்சம் பொருந்தாது. தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கிய மறைமலையடிகள் வடமொழியிலும் ஆங்கிலத்திலும் ஆழ்ந்த புலமையர். மொழிஞாயிறு பாவாணர் பன்மொழிச் சொற்களை ஆராய்ந்தே தமிழின் தனிமையை நிலைநாட்ட முயன்றவர். பிறமொழியைப் பிறமொழியாகவே அறிந்தவன்தான் தன் மொழியிற் புகுந்த அயற்சொல்லை இனங்காண்பான்.

இசுப்பானியம் கற்கும் தமிழன் இதனைக் கண்கூடாகக் காண்பான். 'மேசா' என்னும் சொல் வரும். வீட்டில் வழங்கும் மேசை எங்கிருந்து வந்தது என்பது அப்பொழுது விளங்கும். 'அர்மாரியோ' என்பதிலே அலமாரியும், 'கோப்பா' என்பதிலே கோப்பையும், 'தொவாயா' என்பதிலே துவாலையும், 'சபாத்தோ' என்பதிலே ஈழத்தமிழர் காலிற் கிடக்கும் சப்பாத்தும் தம் உறவினரைக் காணும். இவை இசுப்பானியத்துக்கு உடன்பிறந்த போர்த்துக்கீசியத்தின் வழியே தமிழ் வீட்டில் ஏறியவை. சாவியும் சன்னலும் அவ்வழியினவே. திறவுகோலும் சாளரமும் இருக்க அவற்றை வைத்திருப்பது ஏன் என்னும் வினாவும் உடன் எழும். மத்திரீதில் 'மேசா' என்க. அது அவர் சொல். தமிழ் பேசுமிடத்துத் தமிழே பேசுக. விருந்தினனாய் ஒருவர் வீட்டிற்குச் செல்வது வேறு. அவ்வீட்டுத் தட்டுமுட்டை எடுத்துவந்து தன் வீட்டை நிரப்புவது வேறு.

கொடுத்ததும் உண்டு என்று மகிழ்க. இசுப்பானியன் மாம்பழத்தை 'மாங்கோ' என்பான். தேக்கைத் 'தேக்கா' என்பான். இரட்டைத் தோணியைக் 'காத்தமரான்' என்பான். கட்டுமரம் கடல் கடந்து சென்ற வழி அது. மலேசியத் தெருவிலே கடையைக் 'கெடாய்' என்றும், துறைமுகத்திலே கப்பலைக் 'கப்பால்' என்றும் மலாயர் சொல்லக் கேட்டுவந்த புதுக்கோட்டையார்க்கு இஃது எளிதில் விளங்கும்.

செய்யத்தக்கது

இசுப்பானிய அரசு தன் மொழியை உலகெங்கும் கற்பிக்க 1991ஆம் ஆண்டு செர்வாந்தெசு நிறுவனத்தை நாட்டியது; புதுதில்லியிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. தமிழர்க்கும் தஞ்சையிலே 1981இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கின்றது. அயல்நாட்டு வேலைக்கு ஆளனுப்பும் அரசு நிறுவனமும் இருக்கின்றது. இவை ஒன்றுகூடி, அரபு, மலாய், இசுப்பானியம் முதலிய மொழிகட்குத் தமிழ் வாயிலாகச் சிறு கையேடுகளைத் தமிழெழுத்தில், தமிழ் ஒலிமுறையில் ஆக்கி, கடவுச்சீட்டோடு செல்லும் ஒவ்வொரு தொழிலாளி கையிலும் கொடுத்தல் வேண்டும். அவற்றோடு, அம்மொழியாரே பேசிய ஒலிப்பதிவையும் கைப்பேசியிற் கேட்குமாறு தருதல் வேண்டும்.

இது வெறும் பெருமைக்குரிய செய்தியன்று. 'நெஞ்சு வலிக்கிறது', 'என் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுங்கள்', 'தூதரகத்தோடு பேசவேண்டும்', 'படித்துப் பார்க்காமற் கையெழுத்திட மாட்டேன்' என்னும் நான்கு தொடர்களை வேலைநாட்டு மொழியிற் சொல்லத் தெரிந்த தொழிலாளியும் தெரியாத தொழிலாளியும் ஒரே நிலையினர் அல்லர். முன்னவன் தன் உரிமையைத் தானே வாய்திறந்து கேட்பான். பின்னவன் தரகன் வாயையே நோக்கி நிற்பான். பத்தாம் வகுப்போடு கல்வி நின்ற ஒருவனிடம், முதலில் ஆங்கிலம் கற்று அதன்பின் அரபு கற்க என்று சொல்வது, நீரில் விழுந்தவனிடம் நீச்சல் நூலை நீட்டுவதற்கு ஒப்பாகும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டா. ஊர்தோறும் வெளிநாடு சென்று மீண்டோர் உளர். பதினைந்தாண்டு மலாய் பேசியவர், இருபதாண்டு அரபு பேசியவர், கப்பலிற் பணியாற்றி இசுப்பானியத் துறைகளைக் கண்டவர் எனப் பலர் அறந்தாங்கியிலும் மணமேற்குடியிலும் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். தமிழ் மன்றங்கள் அவர்களை அழைத்து, கிழமைக்கு ஒரு மாலை, செல்லவிருக்கும் இளைஞர்க்குப் பயிற்சி தரச் செய்யலாம். ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும் போதும். அக்குறிப்பேட்டில் எழுதப்படும் எழுத்து தமிழாக இருத்தல் வேண்டும் என்பதே ஒரே விதி.

இறுதியாக ஒன்று. கொலம்பசு 1492இல் அமெரிக்கத்தை இந்தியா என மயங்கியதால், அந்நிலத்து மக்களை 'இந்தியோ' என அழைத்தவன் இசுப்பானியன். அப்பெயர் அவர்கட்கே நின்றுவிட்டமையால், இந்தியாவினின்று செல்பவரை, அவர் எச்சமயத்தவராயினும், 'இந்து' என அழைக்கும் வழக்கம் இசுப்பானியர் பேச்சில் ஏற்பட்டது. கோட்டைப்பட்டினத்து முசுலிமும் ஆவூர்க் கிறித்தவரும் ஆங்கே அப்பெயரைக் கேட்பர். அதனையடுத்து, 'இந்தி பேசுவீரா' என்னும் வினாவும் வரும். அவ்வினாவுக்கு விடையாக ஒவ்வொரு தமிழனும் முதற்கண் கற்கவேண்டிய இசுப்பானியத் தொடர் ஒன்று உண்டு. அதனைக் கற்க ஆங்கிலமும் வேண்டா, இந்தியும் வேண்டா.

'சோய் தமில். ஆப்லோ தமில்.'

தமிழன் யான், தமிழ் பேசுகிறேன் என்பது அதன் பொருள். ழகரம் அவர் நாவில் வாராது. அதனை அவர்க்குக் கற்றுக்கொடுத்துவிட்டு மீள்வது தமிழன் கடன்.